குப்பாயி த/பெ தேவன்

பரிசளிப்பு விழா அழைப்பிதழைக் கலாதேவி மூன்று முறை படித்தாள். மூன்றாம் ஆண்டு, தமிழ்மொழி, முதல் நிலை என்ற வரிக்கு எதிரே 'குபாயினி த/பெ தேவன்' என்று அச்சாகியிருந்தது. தேவன் அவள் புருஷன்தான், அதில் சந்தேகமில்லை. அவனுக்குக் குபாயினி என்று ஒரு மகள் இருக்கிற விஷயம்தான் அவளுக்குப் புதிது.

"இது யாருடி?"

"நாந்தாம்மா," என்றாள் மகள், மேகி மீயை உறிஞ்சிக்கொண்டே. "டீச்சர் அப்பிடித்தான் எழுதச் சொன்னாங்க. அதுதான் கேக்க நல்லாருக்காம்."

பிள்ளையின் பெயர் குப்பாயி. பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஈப்போ முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒன்பது வயதில் இன்னொரு குப்பாயி அகப்படமாட்டாள். அந்தப் பெயருள்ளவர்கள் எல்லாரும் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டி ஓய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கலாதேவி தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்தாள். ஏன் வைத்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடமும்கூட.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து இதே கூத்துதான். முதலாம் ஆண்டில் சட்டைப் பையின் மேல் குத்துகிற பெயர்ப் பட்டை 'குமாயி' என்று வந்தது. செய்கிற கடைக்காரன் சீனன், தெரியாமல் செய்திருப்பான் என்று விட்டுவிட்டு வேறொன்று செய்து வாங்கினாள். இரண்டாம் ஆண்டு மதிப்பெண் புத்தகத்தில் 'கோபிகா' என்று இருந்தது. வேறு யாரோ பிள்ளையின் புத்தகம் மாறி வந்துவிட்டதென்று திருப்பி அனுப்பினாள். அது மாறி வந்ததல்ல, மாற்றப்பட்டது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைக்காரனுக்கு எழுதிக் கொடுத்ததும் ஏதோ ஒரு வாத்தியார்தானே.

அந்த வகுப்புப் பெயர்ப் பட்டியலை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு ஷர்வின், மூன்று பவித்ரன், ஒரு லிஷாந்த், ஒரு தக்‌ஷிகா, ஒரு யாழிஷா. எந்த ஷாவை எங்கே செருகலாம் என்று பெற்றவர்கள் பத்து மாதமும் அதே யோசனையாக இருந்திருப்பார்கள் போல. ஆங்கில எழுத்தில் எழுதினால் பாதிக்கு மேல் எச். எண் ஜோசியர் ஒரு எச்சைக் கூட்டச் சொன்னால் கூட்டுவார்கள், இரண்டு ஒய்யைப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். அந்தப் பெயர்களை எழுதும்போது மட்டும் எந்த டீச்சருக்கும் கை தவறாது. ஒரு எச் குறைந்தால் பெற்றோர் வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். குப்பாயிக்கு ஒரு 'ப்' குறைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கலாதேவி கேட்பாள்.

"இதுக்கெல்லாம் போயி சண்ட புடிச்சேன்னா ஒன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோயி விடச் சொல்வாங்க," என்றான் தேவன். அவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற இரண்டு நாளில் சண்டை சச்சரவு இல்லாமல் தூங்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

"விடட்டும். அங்கயாச்சும் வார்டு சீட்டுல பேர சரியா எழுதுவானுங்க."

அந்த வாரம் அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்ட். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அது ஒரு காலத்தில் தோட்டத்துப் பள்ளி. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள், பள்ளியைப் பெயர்த்துக் கொண்டுவந்து டவுனில் புதுக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பெயர்ப் பலகையில் மட்டும் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் போகவில்லை. அரசாங்கப் பதிவில் இருப்பதால் அழிக்கவும் முடியவில்லை. அதற்கு முன்னால் ஒரு பெரிய ஜாடியில் செடி வைத்து மறைத்திருந்தார்கள். செடி அந்தச் சொல்லுக்கு மட்டும் சரியாக அளவெடுத்து வளர்ந்திருந்தது.

அலுவலகத்தில் ரொஹானா இருந்தாள். மலாய்க்காரப் பெண், நாலு வருஷமாக அங்கே கிராணியாக எழுத்து வேலை பார்க்கிறவள். கலாதேவி விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினாள். பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி, ஆங்கில எழுத்தில், ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

"பெத்துல் லா, காக்," என்றாள் ரொஹானா, சரியாகத்தானே இருக்கிறது என்று. "நான் பத்திரத்தைப் பார்த்து அப்படியே அடித்தது."

கலாதேவிக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் ஓர் எழுத்து தெரியாதவள் சரியாக எழுதி வைத்திருக்கிறாள். தமிழ் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் குப்பாயி என்று எழுத வரவில்லை. கட்டடம் தமிழ்ப்பள்ளி, தமிழ்ப்பெயர் பத்திரமாக இருக்கிற இடம் மலாய்க்காரப் பெண்ணின் மேசை. இதைப் பற்றி யாராவது ஒரு மாநாடு போடலாம், மாலை மரியாதையோடு.

வகுப்பாசிரியை நித்யகல்யாணி வந்தார். நல்ல பெண்தான். முகம் முழுக்கச் சிரிப்பு, பேச்சு முழுக்கச் சர்க்கரை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. சிஸ்டத்துல ஒரிஜினல் பேரு அப்பிடியே இருக்கு. இது மேடைக்கு மட்டுந்தான். குபாயினின்னா மாடர்னா இருக்குல்ல? நானே யோசிச்சு வெச்சது."

"நீங்க பெத்துருந்தா நீங்க யோசிச்சிருக்கலாம், டீச்சர்."

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "இல்லக்கா. பிள்ளைங்க கேலி பண்ணுதுங்க. குப்பை, குப்பைன்னு. மலாய்லயும் சேத்து சாம்பா, சாம்பான்னு கூப்பிடுதுங்க. எனக்கே மனசு கஷ்டமாருக்கு. ஒங்க பிள்ளையோட நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"யாரு கேலி பண்றா?"

"ரெண்டு மூணு பசங்க..."

"அப்ப அவனுங்க பேர மாத்துங்க. எம்பொண்ணு யாரையும் கேலி பண்ணலயே, அவ பேர ஏன் மாத்துறீங்க?"

பதில் வராதபோது எல்லாரும் செய்வதைத்தான் டீச்சரும் செய்தார், அவளைத் தலைமையாசிரியரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

தலைமையாசிரியர் சின்னையா ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். அதுவரை எந்தக் காகிதத்திலும் கை அழுந்தாமல் போய்விட வேண்டும் என்று இருக்கிற மனிதர். அவருக்கு எதிரே பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உடையப்பன் உட்கார்ந்திருந்தார். மளிகை மொத்த வியாபாரி. பள்ளிக்கு அவர் விசிறி வாங்கிக் கொடுத்திருக்கிறார், நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றிலும் அவர் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும். நாற்காலியின் முதுகில் 'உபயம்: உடையப்பன்' என்று இரண்டு பெரிய 'உ' போட்டு, ஒரு புள்ளிகூடத் தவறாமல். தன் பெயரில் அத்தனை கவனமுள்ள மனிதர் கலாதேவி சொன்னதைக் கேட்டுவிட்டு, "இது ஒரு பெரிய விஷயமாம்மா?" என்றார்.

"விழாவுக்கு நம்ம தொகுதி சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வாராரு," என்று விளக்கினார். "பத்திரிகைக்காரங்க வாராங்க. மைக்குல குப்பாயின்னு படிச்சா என்ன நெனைப்பாங்க? இன்னும் எஸ்டேட் பள்ளிக்கூடமாவே இருக்கு, முன்னேறலன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"வெளிய போர்டுல லாடாங்னுதான போட்டிருக்கு? செடிய நகத்திட்டுப் பாருங்க, தெரியும்."

சின்னையா இருமினார். உடையப்பனுக்கு முகம் கறுத்தது. இருந்தாலும் பெரிய மனிதர்களுக்கு உரிய பொறுமையோடு பேச்சைத் தொடர்ந்தார்.

"ஏம்மா, ஒங்க பேரு கலாதேவி. நல்ல பேரு. படிச்ச மாதிரி தெரியிறீங்க. பிள்ளைக்குப் போயி இந்தப் பேரு வெச்சிருக்கீங்களே, அது ஒங்க தப்புதான? ஒரு காரணம் வேணாமா?"

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். டீச்சர் பரிவோடு, தலைமையாசிரியர் கடிகாரத்துக்கும் அவளுக்கும் நடுவில், உடையப்பன் ஜெயித்துவிட்ட திருப்தியோடு. கலாதேவிக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போனால் குபாயினி என்று ஒரு பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கும். குப்பாயி எங்கேயும் ஏறியிருக்கமாட்டாள்.

"காரணந்தான வேணும்? கேட்டுக்கங்க," என்றாள்.

குப்பாயிக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்தது. டாக்டர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், பார்க்கலாம் என்று மட்டும். தேவன் பயத்தில் ஆயர் தாவாரில் இருந்த ஓர் எண் ஜோசியரிடம் ஓடினான். பெயரின் கூட்டெண் சரியாக அமைந்தால் ஆயுசு கெட்டி என்றார் அவர். முதலில் ஓர் எழுத்துக் கூட்டினார். கணக்கு இடித்தது. மறுபடி வரச் சொன்னார். ஓர் எச்சைப் போட்டார், ஓர் எச்சை எடுத்தார். ஈப்போவிலிருந்து ஆயர் தாவாருக்குத் தேவன் மூன்று தடவை போய் வந்தான். எழுத்து முடிவாகட்டும், பிறகு பதிந்துகொள்ளலாம் என்று பத்திரம் எடுக்காமல் இருந்தார்கள். பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டது. மூன்றாவது தடவை போனவன் திரும்பி வருவதற்குள்.

"கையில கட்டியிருந்த பட்டையில 'கலாதேவியின் குழந்த'ன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரி காயிதத்துலயும் அதுதான். சுடுகாட்டுல ஒருத்தன் பேரேட்ட தொறந்து வெச்சுக்கிட்டு, பேரு என்னன்னு கேட்டான். எங்க வீட்டுக்காரரு இன்னும் எழுத்து முடிவாகலன்னு சொன்னாரு. அவன் ஒரு கோடு போட்டுட்டான். எம்பிள்ளைக்கு இந்த ஒலகத்துல ஒரு கோடுதான் சார் பேரு."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தது. மேல் வீட்டு முத்தம்மா ஒரு வழி சொன்னாள். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு, வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்கி, தாயிடம் திருப்பித் தர வேண்டும். குப்பை என்று பெயர் வைக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனும் சீந்தமாட்டானாம். அடுக்குமாடி வீட்டில் தவிட்டுக்கு எங்கே போவது? முத்தம்மா கோழித்தீனி ஒரு பிடி கொண்டுவந்தாள். லிப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குப்பைத் தொட்டி ஓரம் ஒரு துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். கீழே இறங்கிவந்த சீனக் கிழவர் பிள்ளையைத் தூக்கி எறிகிறார்கள் என்று நினைத்துப் போலீசைக் கூப்பிடப் போனார்.

கலாதேவி அதையெல்லாம் நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்பாமல் இருந்து பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். முத்தம்மா வெறும் வாயால் அப்படிக் கூப்பிட்டால் போதும் என்றாள். கலாதேவி கேட்கவில்லை. அன்றைக்கே தேவனைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய், குப்பாயி என்று எழுதி, சீல் வைத்த பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

"என் வீட்டுல எழுதப்பட்ட பிள்ளை இவ ஒருத்திதான்," என்றாள். "அதுல ஒரு எழுத்த எடுக்க ஒங்க யாருக்கும் உரிமை இல்ல. சொல்லிட்டேன்."

டீச்சர் அழுதார். உடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னையா உடனே ரொஹானாவைக் கூப்பிட்டு, சிஜில் என்கிற பரிசுச் சான்றிதழையும் விழா மலரையும் திருத்தச் சொன்னார். மூன்று வருஷம் நடக்காதது மூன்று நிமிஷத்தில் முடிந்தது.

மோட்டாரில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிற வழியெல்லாம் கலாதேவிக்கு ஆத்திரம். ஜெயித்த மாதிரியே இல்லை. லிஷாந்தின் அம்மாவிடம் யாராவது காரணம் கேட்டார்களா? அந்த எச் எதற்கு, அந்த ஷா யாருடையது என்று கேட்டார்களா? செத்த பிள்ளையைத் தோண்டி எடுத்துக் காட்டினால்தான் உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதுவார்களாம். இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததைப் போய் அந்த உடையப்பனுக்கு எதிரில் கொட்டிவிட்டோமே என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

விழா சனிக்கிழமை காலை. தேவன் லாரியோடு ஜொகூரில் இருந்தான். கலாதேவி பச்சைப் புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஒய்.பி. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, தமிழ் நம் உயிர் என்று மலாயில் பேசினார். குத்துவிளக்கு ஏற்றினார்கள், மாலை போட்டார்கள், மாலை போட்டவருக்கு மாலை போட்டார்கள். பிள்ளைகள் பசியில் நெளிந்தன.

நித்யகல்யாணி டீச்சர் மைக்குக்கு வந்தார். "மூன்றாம் ஆண்டு, தமிழ்மொழி, முதல் நிலை. குப்பாயி தகப்பன் பெயர் தேவன்." நிறுத்தி, தெளிவாக, ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இடத்தில் வைத்துப் படித்தார். பின்னால் இரண்டு பையன்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்த பார்வையில் அது அப்படியே அடங்கியது. பரவாயில்லை, இந்தப் பெண் தேறிவிட்டாள் என்று கலாதேவி நினைத்தாள். குப்பாயி இரட்டைச் சடை ஆட மேடையேறினாள். சிஜிலை வாங்கினாள். அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடிய விட்டால் அவர் உடையப்பன் இல்லையே.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்," என்று அவர் மைக்கைப் பிடித்தார். பிள்ளையின் தோளில் கை வைத்து மேடை நடுவில் நிறுத்தினார். "சபையோரே! இந்தச் சிறுமியின் பெயரைக் கேட்டுச் சிலர் சிரித்தீர்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தாயின் கண்ணீர்க் கதை இருக்கிறது!"

அவர் ஒன்றையும் விடவில்லை. இதயத்து ஓட்டை, ஆயர் தாவார், பதினோரு நாள், சுடுகாட்டுப் பேரேடு, எல்லாம் வந்தது. எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று தெரிந்து சொன்னார். கோழித்தீனி மேடைக்கு எடுபடாது என்று நினைத்தாரோ என்னவோ, அதைத் தவிடு என்றே வைத்துக்கொண்டார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். ஒய்.பி. சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார், யாரோ அவர் காதில் மலாயில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் குப்பாயி சிஜிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை அவள் அப்போதுதான் கேட்கிறாள், முந்நூறு பேரோடு சேர்ந்து.

"அந்தத் தியாகத் தாயை மேடைக்கு அழைக்கிறேன்! ஒய்.பி. அவர்கள் பொன்னாடை போர்த்துவார்!"

கலாதேவி எழுந்து போனாள். அவள் பொன்னாடைக்கு வருகிறாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவள் ஒய்.பி. விரித்துப் பிடித்திருந்த சால்வையைத் தாண்டிப் போய், உடையப்பனின் கையை மகளின் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள்.

"பேர எழுதத்தான சொன்னேன்? கத சொல்லச் சொன்னேனா?"

மைக் அதையும் பிடித்து மண்டபம் முழுக்கச் சொன்னது. உடையப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். சபை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் கைதட்டியது. கைதட்டுவதைத் தவிர வேறெதுவும் பழகாத சபை. கலாதேவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கி வெளியே வந்தாள்.

மோட்டார் நிறுத்துகிற இடத்தில் வெயில் கொளுத்தியது. கலாதேவி சாவியைத் திருகினாள். குப்பாயி ஏறவில்லை.

"அம்மா, எனக்கு நெசமாவே அக்கா இருந்தாங்களா?"

"இருந்தா."

"அந்த அங்கிள் அக்கா பேர மட்டும் சொல்லல."

"அவனுக்குத் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

கலாதேவி சாவியைத் திருப்பி மோட்டாரை அணைத்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு, பதினோரு நாளும் அவள் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுத்து முடிவாகாமல் கூப்பிடக் கூடாது என்று தேவன் கூப்பிடவில்லை. அவள் ஒருத்தி மட்டும் கூப்பிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை.

"ஷர்மினி," என்றாள்.

குப்பாயி அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அங்கேயே ஓரத்து மழைநீர்க் கால்வாயின் விளிம்பில் உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, அம்மா கொண்டுவந்திருந்த விழா மலரின் கடைசிப் பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டாள்.

"எப்பிடிம்மா எழுதணும்? ரெண்டு சுழி னியா, மூணு சுழி ணியா?"

ஓர் எழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தையே ஓர் ஆட்டு ஆட்டிவைத்த கலாதேவிக்கு இதற்கு மட்டும் விடை தெரியவில்லை. யாருமே முடிவு செய்யவில்லையே, அவள் என்ன செய்வாள்? மோட்டாரின் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இத்தனை வருஷம் அழாத அழுகையை அழுதாள். குப்பாயி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ஒனக்கு எது சரின்னு படுதோ அப்பிடி எழுதுடி," என்றாள் கடைசியில்.

குப்பாயி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நிதானமாக எழுதி, தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"சரியாம்மா?"

கலாதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். சரி என்றாள்.